மைக்கேல் ஜாக்சன் வாங்கியது எதை? பாட்டின் உரிமை பற்றி ஓர் எளிய விளக்கம்

பாப், ராக் இசை பற்றிப் பேச்சு வந்தாலே மூன்று செய்திகள் தவறாமல் வந்து விழும். பீட்டில்ஸ் என்ற ஆங்கிலேயக் குழுவின் பாடல்களை எல்லாம் மைக்கேல் ஜாக்சன் வாங்கிவிட்டார். பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் பாடல்களை அவருடைய பழைய கம்பெனி வேறொருவருக்கு விற்றுவிட்டது. பாடகர் பாப் டிலன் தன் பாடல்கள் மொத்தத்தையும் விற்றுவிட்டார். மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றிலுமே பாதிதான் இருக்கிறது.

மீதிப் பாதி தெரியாமல் போவதால், தன் பாட்டைத் தானே மேடையில் பாடுவதற்கு பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி ஜாக்சனுக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது என்பது போன்ற கதைகள் வேகமாகப் பரவுகின்றன. யார் யாரை ஏமாற்றினார்கள் என்ற தீர்ப்பும் தவறான ஆள் மேல் போய் விழுகிறது. இத்தனை குழப்பத்துக்கும் வேர் ஒன்றுதான்: 'பாட்டு' என்று நாம் ஒரே பொருளாக நினைப்பது சட்டத்தின் கணக்கில் இரண்டு சொத்து.

அடிமனையும் வீடும்

கோயில் மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவர்கள் நம் ஊர்களில் நிறைய உண்டு. மனை கோயில் பேரில் இருக்கும். அதன் மேல் எழுப்பிய வீடு கட்டியவருக்குச் சொந்தம். வீட்டை அவர் வாடகைக்கு விடலாம், விற்கவும் செய்யலாம். யார் குடிவந்தாலும் அடிமனை வாடகை கோயிலுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

பாட்டில் மெட்டும் வரிகளும் மனை. ஒரு நாள் ஒரு ஸ்டுடியோவில், ஒரு பாடகர் சில வாத்தியக்காரர்களோடு சேர்ந்து பதிவு செய்த ஒலி, அந்த மனையில் எழுந்த வீடு. ஒரே மனையில் எத்தனை வீடு வேண்டுமானாலும் கட்டலாம். ஒருவர் எழுதிய பாட்டை இருபது பேர் பாடிப் பதிவு செய்தால், மனை ஒன்று, வீடு இருபது.

மெட்டு, வரிகள் மீதான உரிமைக்கு இசைத்துறையில் பப்ளிஷிங் என்று பெயர். ஒலிப்பதிவு மீதான உரிமைக்கு மாஸ்டர் என்று பெயர். மாஸ்டர் பெரும்பாலும் ரெக்கார்டு கம்பெனியின் கையில் இருக்கும், ஏனென்றால் ஸ்டுடியோவுக்கும் விளம்பரத்துக்கும் முன்பணம் போடுவது அதுதான். பப்ளிஷிங்கை வேறொரு கம்பெனி நிர்வகிக்கும். அந்தக் கம்பெனிக்கு பப்ளிஷர் என்று பெயர். பப்ளிஷிங்கில் வரும் பணத்தை வழக்கமாக இரண்டாகப் பிரிப்பார்கள்: ஒன்று எழுதியவர் பங்கு, மற்றது பப்ளிஷர் பங்கு. பயன்பாட்டைப் பொறுத்து வந்துகொண்டிருக்கும் இந்தப் பணம்தான் ராயல்டி.

ஆக, மெட்டும் வரிகளும் ஒரு சொத்து, ஒலிப்பதிவு இன்னொரு சொத்து. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, பெரும்பாலும் இருப்பதும் இல்லை. இது பிடிபட்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

ஜாக்சன் கைக்குப் போனது மனை, அதுவும் பாதி வருமானம்

பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும் எழுதும் பாடல்களுக்காக 1963இல் நார்தர்ன் சாங்ஸ் என்ற பப்ளிஷிங் கம்பெனி லண்டனில் தொடங்கப்பட்டது. இருவருக்கும் அப்போது இருபதைச் சுற்றிய வயது. கம்பெனியில் பாதி, டிக் ஜேம்ஸ் என்ற பப்ளிஷர் தரப்பின் கையில். 1965இல் அது பங்குச் சந்தைக்கு வந்தது. 1969இல் டிக் ஜேம்ஸ் தன் தரப்புப் பங்குகளை ஏடிவி என்ற தொலைக்காட்சி நிறுவனத்துக்கு விற்றார். எழுதிய இருவரும் கம்பெனியைத் தங்கள் கைக்குக் கொண்டுவரப் பெரும்பாடு பட்டும் முடியவில்லை. எழுதியவர்கள் கையை விட்டுப் பாட்டு போனது அந்த ஆண்டில்தான். ஜாக்சனுக்கு அப்போது வயது பதினொன்று.

ஏடிவியின் இசைப் பிரிவை ஜாக்சன் வாங்கியது 1985இல், 4 கோடியே 75 லட்சம் டாலருக்கு. விற்றவர் ஆஸ்திரேலியத் தொழிலதிபர் ராபர்ட் ஹோம்ஸ் எ கோர்ட். ஆயிரக்கணக்கான பாடல்கள் கொண்ட அந்தத் தொகுப்பில் லெனன், மெக்கார்ட்னி பாடல்கள் சுமார் 250. ஜாக்சனுக்கு அதில் கிடைத்தது பப்ளிஷர் பங்கு மட்டுமே. எழுதியவர் பங்கு முன்பு போலவே மெக்கார்ட்னிக்கும் லெனன் குடும்பத்துக்கும் போய்க்கொண்டிருந்தது. நாம் கேட்கும் பீட்டில்ஸ் ஒலிப்பதிவுகளோ இஎம்ஐ ரெக்கார்டு கம்பெனியிடம் இருந்தன. ஜாக்சன் அவற்றில் ஒரு நொடியைக் கூட வாங்கவில்லை.

மேடைக் கதைக்கும் இதிலேயே விடை இருக்கிறது. கச்சேரியில் பாட்டைப் பாடுவதற்கான உரிமக் கட்டணத்தைச் செலுத்துவது அரங்கமோ கச்சேரி நடத்துபவரோதான். பாடகர் அல்ல. மெக்கார்ட்னி தன் பாட்டைப் பாடினால் அந்தக் கட்டணத்தில் எழுதியவர் பங்கு அவருக்கே திரும்பி வரும்.

இந்த விவகாரத்தில் ஜாக்சன் மேல் விழுந்த 'துரோகி' பட்டம் அநியாயமானது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1980களின் தொடக்கத்தில் இருவரும் சேர்ந்து பாடியபோது, பப்ளிஷிங்கில் பணம் போடுவது எவ்வளவு நல்லது என்று ஜாக்சனுக்கு விளக்கியவரே மெக்கார்ட்னிதான். 1950களின் ராக் பாடகர் பட்டி ஹாலியின் பாடல்களை அவர் 1970களிலேயே வாங்கி வைத்திருந்தார். மற்றவர் எழுதிய மனையை வாங்குவது இந்தத் தொழிலில் என்றும் நடப்பது. நண்பரின் பாட்டு என்பதால் மனக்கசப்பு வந்தது. அது வேறு விஷயம்.

இரண்டு சாவி கேட்கும் பூட்டு

இரண்டு உரிமையும் சேர்ந்து தேவைப்படும் இடங்கள் உண்டு. சினிமாவிலோ விளம்பரத்திலோ ஒரு பாட்டின் அசல் ஒலிப்பதிவைக் காட்சியோடு சேர்க்க வேண்டுமானால், பப்ளிஷர், மாஸ்டர் வைத்திருப்பவர் இருவரிடமும் அனுமதி வாங்க வேண்டும். காட்சியோடு ஒலியைச் சேர்க்கும் இந்த அனுமதியை சிங்க் என்பார்கள்.

1987இல் நைக்கி காலணி விளம்பரத்தில் பீட்டில்ஸின் 'ரெவல்யூஷன்' பாட்டு அசல் குரலோடு ஒலித்தது. மெட்டுக்கு ஜாக்சனின் கம்பெனியிடமும், ஒலிப்பதிவுக்கு இஎம்ஐயின் அமெரிக்கக் கிளையான கேப்பிட்டலிடமும் நைக்கி அனுமதி பெற்றிருந்தது. பீட்டில்ஸ் தொடங்கிய ஆப்பிள் என்ற இசை நிறுவனம் வழக்குப் போட்டது, கடைசியில் சமரசமாக முடிந்தது. பாடியவர்களின் மனசுக்குப் பிடிக்காத விளம்பரம், இரண்டு உரிமையாளர்களும் தலையாட்டியதால் தொலைக்காட்சிக்கு வந்துவிட்டது. நைக்கியின் மேல் ரசிகர்களுக்கு வந்த கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் 'திருடிவிட்டார்கள்' என்பது சரியல்ல.

பாடியவருக்குக் காசா, எழுதியவருக்குக் காசா?

விட்னி ஹூஸ்டனின் மிகப் புகழ்பெற்ற பாட்டு 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ'. 1992இல் வெளிவந்து அமெரிக்காவில் 14 வாரம் முதலிடத்தில் இருந்தது. அதை எழுதியவர் டாலி பார்ட்டன். 1974இல் அவரே பாடி வெளியிட்ட நாட்டுப்புறப் பாணிப் பாட்டு அது.

இடையில் நடந்த ஒன்றை இங்கே சொல்லியே ஆக வேண்டும். எல்விஸ் பிரெஸ்லி அந்தப் பாட்டைப் பாட ஆசைப்பட்டார். எல்விஸ் பாடினால் பப்ளிஷிங்கில் பாதி எங்களுக்கு வேண்டும் என்றார் அவருடைய மேலாளர் டாம் பார்க்கர். அன்று எல்விஸ் பாடுவது என்றால் எந்தப் பாடலாசிரியருக்கும் கனவு. டாலி இரவெல்லாம் அழுதார், ஆனாலும் மறுத்துவிட்டார். மனையை அவர் விட்டுக்கொடுக்காததால்தான் பிறகு விட்னியின் பதிவு உலகெங்கும் ஓடியபோது எழுதியவருக்கான பணமும் பப்ளிஷருக்கான பணமும் டாலிக்கே வந்தன. இசைத்தொழிலில் ஒருவர் எடுத்த நல்ல முடிவு எது என்று கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இதன் மறுபக்கம் கசப்பானது. 'ரெஸ்பெக்ட்' பாட்டை எழுதி 1965இல் முதலில் பாடியவர் ஓட்டிஸ் ரெடிங். 1967இல் அரித்தா ஃப்ராங்க்ளின் அதைப் பாடினார். எழுத்தெழுத்தாக அந்தச் சொல்லை உச்சரிக்கும் பகுதி அரித்தா சேர்த்தது, ஓட்டிஸின் பதிவில் அது கிடையாது. வீட்டில் தன் சொல்லுக்கு மதிப்பு கேட்கும் ஓர் ஆணின் பாட்டை, பெண்களும் கறுப்பின மக்களும் தங்கள் உரிமைக்குரலாக எடுத்துக்கொள்ளும் பாட்டாக அவர் மாற்றினார். ஆனால் அமெரிக்காவின் சாதாரண ஏஎம், எஃப்எம் வானொலியில் அது எத்தனை முறை ஒலித்தாலும் ராயல்டி போவது எழுதியவருக்கும் பப்ளிஷருக்கும் மட்டும். பாடியவருக்கும் மாஸ்டர் வைத்திருப்பவருக்கும் ஒரு சென்ட் கூட இல்லை. அமெரிக்கச் சட்டம் அப்படி. பிரிட்டனிலும் இன்னும் பல நாடுகளிலும் பாடியவருக்கும் வானொலிப் பணம் உண்டு. அமெரிக்காவிலேயே இணைய வானொலியும் செயற்கைக்கோள் வானொலியும் கொடுக்கின்றன. பழைய வானொலி நிலையங்களுக்கு மட்டும் இந்தச் சலுகை. 'பாட்டை ஒலிபரப்புவதே உனக்கு இலவச விளம்பரம்' என்ற அவர்களின் வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. விளம்பரம் என்றால் எழுதியவருக்கும்தானே விளம்பரம்?

மற்றவர் பாட்டைப் பாட அனுமதி வேண்டுமா?

மற்றவர் பாட்டை ஒருவர் புதிதாகப் பாடிப் பதிவு செய்வதை கவர் என்கிறோம். அமெரிக்காவில் ஒரு பாட்டு ஒருமுறை உரிமையாளரின் சம்மதத்தோடு பதிவாகி வெளிவந்துவிட்டால், அதற்குப் பிறகு யாரும் கவர் பாடலாம். எழுதியவர் தடுக்க முடியாது. சட்டம் குறித்த கட்டணத்தைக் கொடுத்தால் போதும். இதற்குக் கட்டாய உரிமம் என்று பெயர். 1909இல், தானாக வாசிக்கும் பியானோவுக்கான துளைச் சுருள்கள் பரவிய காலத்தில் வந்த சட்டம் இது. 2025இல் விற்ற ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு பாட்டுக்கு 12.7 சென்ட் என்று இருந்தது. மெட்டின் அடிப்படையை மாற்றக் கூடாது, சினிமாவுக்கும் விளம்பரத்துக்கும் இது செல்லாது. டாலியிடம் பார்க்கர் கேட்ட 'பாதி', சட்டப்படி தேவைப்பட்டதே இல்லை. எல்விஸின் புகழைக் காட்டிப் பேசிய பேரம் அது.

இதுவரை பார்த்தது: கவர் பாட மனைக்காரருக்கு வாடகை கட்டினால் போதும், பழைய வீட்டுக்காரரைக் கேட்க வேண்டியதில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு டெய்லர் ஸ்விஃப்டிடம் வருவோம்.

ஸ்விஃப்ட் புது வீடு கட்டிய கதை

பதின்ம வயதில் நாஷ்வில் நகரத்து பிக் மெஷின் கம்பெனியில் ஸ்விஃப்ட் ஒப்பந்தமானார். முதல் ஆறு ஆல்பங்களின் மாஸ்டர் கம்பெனிக்கு. 2019 ஜூனில் ஸ்கூட்டர் பிரான் என்ற மேலாளரின் நிறுவனம் பிக் மெஷினை வாங்கியது. சுமார் 30 கோடி டாலர் என்று செய்தி வந்தது. கம்பெனியோடு மாஸ்டர்களும் கைமாறின. 2020இல் பிரான் அவற்றை ஷாம்ராக் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றார்.

கைமாறியது மாஸ்டர் மட்டும். அந்தப் பாடல்களைத் தனியாகவோ மற்றவரோடு சேர்ந்தோ எழுதியவர் என்ற முறையில் பப்ளிஷிங்கில் ஸ்விஃப்டின் பிடி அப்படியே இருந்தது. அவருக்கு இரண்டு ஆயுதம் அதிலிருந்து கிடைத்தது. ஒன்று, யாராவது பழைய பதிவை விளம்பரத்தில் போடக் கேட்டால் மனைப் பக்கத்து அனுமதியை மறுத்துவிடலாம். இரண்டு சாவியில் ஒன்று இல்லாமல் பூட்டு திறக்காது. மற்றொன்று, அதே பாடல்களைப் புதிதாகப் பாடிப் பதிவு செய்யலாம். அப்படிப் பிறக்கும் புது மாஸ்டர் அவருக்கே சொந்தம்.

நினைத்த மாத்திரத்தில் பாடிவிட முடியாது. கம்பெனியோடு போடும் ஒப்பந்தத்தில், இத்தனை ஆண்டுக்கு இதே பாட்டை வேறு எங்கும் மறுபடி பதிவு செய்ய மாட்டேன் என்று ஒரு நிபந்தனை இருக்கும். அந்தக் காலம் முடிந்ததும் ஸ்விஃப்ட் தொடங்கினார். 2021இல் இரண்டு ஆல்பம், 2023இல் இரண்டு ஆல்பம், ஒவ்வொன்றின் பெயரிலும் 'டெய்லர்ஸ் வெர்ஷன்' என்ற ஒட்டு. ரசிகர்கள் பழைய பதிவை ஒதுக்கிவிட்டுப் புதியதைக் கேட்டார்கள். 2025 மே மாதம், முதல் ஆறு ஆல்பங்களின் மாஸ்டர்களையும் ஷாம்ராக்கிடமிருந்து வாங்கிவிட்டதாக அவர் அறிவித்தார்.

மறுபதிவு என்பது அவர் கண்டுபிடித்ததல்ல, பழைய உத்திதான். ஆனால் தன் ரசிகர்களுக்கு மாஸ்டர் என்றால் என்ன என்று புரியவைத்து, அவர்களையே துணைக்கு அழைத்து இதை வென்றெடுத்தவர் அவரைப் போல் வேறு யாருமில்லை. பாட்டை எழுதாமல் பாட மட்டும் செய்யும் ஒருவரிடம் இந்த ஆயுதங்களில் முதலாவது இருந்திருக்காது.

ஒரு சாவியோடு போய் மாட்டிக்கொண்டவர்கள்

இரண்டு உரிமையையும் பிரித்துப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு தி வெர்வ் என்ற ஆங்கிலேயக் குழு பட்ட பாடு சாட்சி. 1997இல் வந்த அவர்களுடைய 'பிட்டர் ஸ்வீட் சிம்ஃபனி' பாட்டில் ஒரு வயலின் வரி சுழன்று சுழன்று வரும். அது, ரோலிங் ஸ்டோன்ஸின் 'தி லாஸ்ட் டைம்' பாட்டை ஆண்ட்ரூ ஓல்டம் இசைக்குழு 1960களில் வாத்தியங்களில் வாசித்த பதிவை ஒட்டியது. மற்றவர் பதிவிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பயன்படுத்துவதை சாம்ப்ளிங் என்பார்கள். அந்தப் பதிவைப் பயன்படுத்த ரெக்கார்டு கம்பெனியிடம் குழு அனுமதி வாங்கியிருந்தது. மெட்டின் பப்ளிஷிங் வேறொருவரிடம் இருந்தது. அவர்தான் ரோலிங் ஸ்டோன்ஸின் முன்னாள் மேலாளர் ஆலன் கிளைன். அவர் மறுத்தார்.

கடைசியில் பப்ளிஷிங் வருமானம் முழுவதையும் குழு விட்டுக்கொடுத்தது. வரிகளை எழுதிய ரிச்சர்ட் ஆஷ்கிராஃப்டுக்கு ராயல்டி இல்லை. எழுதியவர்கள் என்ற இடத்தில் மிக் ஜாகர், கீத் ரிச்சர்ட்ஸ் பெயரும் ஏறியது. இதில் எனக்கு ஆறவே ஆறாத ஒன்று உண்டு. எல்லோர் காதிலும் நின்ற அந்த வயலின் வரியை அமைத்தவர் ஜாகரோ ரிச்சர்ட்ஸோ அல்ல, டேவிட் விட்டேக்கர் என்ற இசை அமைப்பாளர். பெயர்ப் பட்டியலில் அவர் இல்லை. வாத்திய அமைப்புக்கு மனையில் பங்கு தரும் வழக்கம் இல்லாததன் விளைவு இது. 2019இல் ஜாகரும் ரிச்சர்ட்ஸும் தங்கள் பங்கை ஆஷ்கிராஃப்டுக்கே விட்டுக்கொடுத்தார்கள்.

இதைவிட விசித்திரமானது ஜான் ஃபோகர்ட்டி வழக்கு. க்ரீடென்ஸ் க்ளியர்வாட்டர் ரிவைவல் குழுவுக்காக 1970இல் அவர் எழுதிய பாட்டின் உரிமை ஃபேன்டஸி ரெக்கார்ட்ஸிடம் இருந்தது. பல ஆண்டு கழித்து, தனியாக இன்னொரு பாட்டு வெளியிட்டார். அது பழைய பாட்டின் நகல் என்று ஃபேன்டஸி வழக்குப் போட்டது. தன் பாட்டைத் தானே திருடியதாக ஒருவர் மேல் குற்றச்சாட்டு! 1988இல் ஃபோகர்ட்டி நீதிமன்றத்துக்குக் கிதாருடன் வந்து, சாட்சிக் கூண்டில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினார். இரண்டும் ஒரே ஆளின் பாணி, ஒரே பாட்டு அல்ல என்று ஜூரி ஏற்றுக்கொண்டது. கேட்கும்போது கேலிக்கூத்தாகத் தெரிந்தாலும் வழக்குக்கு இடம் இருந்தது, ஏனென்றால் பழைய பாட்டு சட்டப்படி அவருடையதல்ல.

நம் ஊர்ச் சண்டையிலும் இதே கேள்வி

2017இல் எஸ்.பி.பாலசுப்ரமணியம் அமெரிக்காவில் கச்சேரிப் பயணத்தில் இருந்தபோது இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனதும், நம்மில் பலர் கேட்டது 'பாடியவர் பாட அனுமதி கேட்க வேண்டுமா' என்று. மேடையில் நேரடியாகப் பாடும்போது மாஸ்டர் விவகாரமே எழாது, மெட்டும் வரிகளும்தான் பிரச்சினை. பாடியவர் யார் என்பது அந்தக் கேள்விக்குள் வருவதில்லை. திரைப்பாட்டில் இந்தியாவுக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு: வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சினிமாவுக்காக அமர்த்தி எழுத வைத்த இசைக்கும் வரிக்கும் முதல் உரிமையாளர் தயாரிப்பாளர் என்று உச்ச நீதிமன்றம் 1977இல் சொன்னது. 2012இல் சட்டத்தைத் திருத்தி, திரையரங்கக் காட்சி தவிர்த்த மற்ற பயன்பாடுகளில் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் ராயல்டியில் பங்கை உறுதி செய்தார்கள். அந்தப் பங்கை அவர்கள் எழுதிக்கொடுத்தாலும் செல்லாது.

விற்றது திரும்பி வருமா?

பாப் டிலனின் விற்பனை இப்போது எளிதாகப் புரியும். 2020 டிசம்பரில் யூனிவர்சல் என்ற இசை நிறுவனம் வாங்கியது 600க்கும் மேற்பட்ட பாடல்களின் பப்ளிஷிங்கை. மாஸ்டர்களை 2021இல் வேறொரு வியாபாரத்தில் சோனி வாங்கியது. ஒரே மனிதரின் பாடல்கள், வாங்கியவர்களோ ஒருவருக்கொருவர் போட்டி நிறுவனங்கள். அவர் மேடையேறிப் பாடுவதை இந்த இரண்டு விற்பனையும் நிறுத்தவில்லை.

விற்றால் போனது போனதுதான் என்றும் இல்லை. இளம் வயதில் பேரம் பேசத் தெரியாமல் எழுதிக்கொடுத்தவர்களுக்கு அமெரிக்கச் சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. 1978க்குப் பிறகு எழுதியவரே செய்துகொடுத்த உரிமை மாற்றங்களை 35 ஆண்டு கழித்தும், அதற்கு முந்திய பாடல்களை 56 ஆண்டு கழித்தும், உரிய காலத்தில் நோட்டீஸ் கொடுத்து ரத்து செய்யலாம். அமெரிக்காவுக்குள் மட்டும் செல்லும் இந்த ஏற்பாட்டுக்கு முடிவுறுத்தல் உரிமை என்று பெயர். வில்லேஜ் பீப்பிள் குழுவின் விக்டர் வில்லிஸ் 2012இல் இந்த வழியில் வழக்கை வென்றார்.

பீட்டில்ஸின் முதல் பாடல்கள் 1962இல் வந்தவை. 56ஐக் கூட்டினால் 2018. அதற்குள் ஜாக்சன் மறைந்திருந்தார், அவருடைய பங்கை 75 கோடி டாலருக்கு சோனி வாங்கியிருந்தது. பிரிட்டிஷ் ஒப்பந்தத்தில் எழுதிக்கொடுத்தவர்களுக்கு இந்த அமெரிக்க உரிமை கிடையாது என்று டுரான் டுரான் குழுவின் வழக்கில் 2016 டிசம்பரில் லண்டன் நீதிமன்றம் சொன்னது. தனக்கும் அந்தக் கதி வரக்கூடாது என்று மெக்கார்ட்னி 2017 ஜனவரியில் நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போனார். அதே ஆண்டின் நடுவில் அவரும் சோனி தரப்பும் சமரசம் செய்துகொண்டார்கள், விவரத்தை வெளியிடுவதில்லை என்ற உடன்பாட்டோடு.